சிறுநீர்ப் பட்டை சொல்லாத கணக்கு: உடலின் அமில-காரச் சமநிலை

நண்பர் ஒருவர் கொஞ்ச நாளாகச் சமையல் சோடா கலந்த தண்ணீரைக் காலையில் வெறும் வயிற்றில் குடித்துவந்தார். உடம்பில் அமிலம் சேர்ந்தால் எல்லா நோயும் வரும் என்று எங்கேயோ படித்திருக்கிறார். ஒரு நாள் கைப்பேசியில் படம் ஒன்றை அனுப்பினார். சிறுநீரில் நனைத்த ஒரு சின்னச் சோதனைப் பட்டை. போன மாதம் மஞ்சளாக இருந்தது இப்போது நீலப்பச்சை ஆகியிருக்கிறது. கீழே ஒரு வரி: “அமிலமெல்லாம் போயே போச்சு!”

பட்டை பொய் சொல்லவில்லை. ஆனால் அது சொன்னது வேறு செய்தி. இவர் குடித்த சோடாவைச் சிறுநீரகம் “வேண்டாம்” என்று வெளியே தள்ளியிருக்கிறது, அவ்வளவுதான். இரத்தம் நேற்று எப்படி இருந்ததோ அப்படியேதான் இன்றும் இருந்திருக்கும். அப்படி இருக்க வைப்பதற்காகத்தான் சிறுநீரகம் அந்தச் சோடாவைத் தள்ளியது.

இந்த ஒரு விஷயத்தைச் சுற்றிப் பேச்சு நிறைய, புரிதல் குறைவு. அடியிலிருந்து வருவோம்.

முதலில் சொற்களைப் பிரித்துக்கொள்வோம்

“எனக்கு அசிடிட்டி” என்று சொல்பவர் நெஞ்செரிச்சலைச் சொல்கிறார். இரைப்பையில் அமிலம் இருப்பது இயல்பு. அது மேலேறி உணவுக்குழாயைத் தொடும்போது எரிகிறது. அது குழாய் சம்பந்தப்பட்ட தொல்லை. இரத்தத்தின் அமிலத்தன்மை வேறு கதை.

அப்புறம், காரம். மிளகாயின் காரமும் வேதியியலின் காரமும் தமிழில் ஒரே சொல்லாகிப் போனது ஒரு வம்பு. இங்கே காரம் என்றால் அமிலத்துக்கு எதிர்ப்பக்கம் நிற்கும் பொருள். சோப்பு, சோடா வகையறா.

அமிலம் என்பது ஹைட்ரஜன் அயனியைக் கழற்றிவிடும் பொருள். ஹைட்ரஜன் அயனி என்றால், தன் எலக்ட்ரானை இழந்து நேர் மின்னூட்டத்தோடு திரியும் ஹைட்ரஜன். காரம் என்பது அந்த அயனியைப் பிடித்து வைத்துக்கொள்ளும் பொருள். ஒருவர் விடுகிறார், ஒருவர் பிடிக்கிறார். இனி வரும் எல்லாமே இந்த விடுவதும் பிடிப்பதும்தான்.

எவ்வளவு அயனி திரிகிறது என்பதைச் சொல்லும் அளவுகோல் பிஹெச். 1909-ல் கோபன்ஹேகனில் சோரன் சோரன்சன் என்ற வேதியியலாளர் கொண்டுவந்தது. அவர் வேலை பார்த்த கார்ல்ஸ்பர்க் ஆய்வுக்கூடத்தை நிறுவியவர் ஒரு பீர் ஆலைக்காரர் என்பது எனக்குப் பிடித்த துணுக்கு. தீவிர சிகிச்சைப் பிரிவில் உயிர் ஊசலாடும்போது மருத்துவர் பார்க்கும் எண் அங்கிருந்து வந்தது. இந்த அளவுகோலில் இரண்டு விஷயம் நினைவில் இருந்தால் போதும்: எண் இறங்கினால் அமிலம் ஏறுகிறது, ஒரு எண் இறங்கினால் அமிலம் 10 மடங்கு.

எவ்வளவு குறுகலான பாதை

தமனி இரத்தத்தின் பிஹெச் 7.35-க்கும் 7.45-க்கும் இடையில் நிற்க வேண்டும். ஹைட்ரஜன் அயனியாகக் கணக்கிட்டால் லிட்டருக்குச் சுமார் 40 நானோமோல். (மோல் என்பது துகள்களை எண்ணும் அலகு. மில்லிமோல் அதில் ஆயிரத்தில் ஒரு பங்கு, நானோமோல் நூறு கோடியில் ஒரு பங்கு.) அது எவ்வளவு சொற்பம் என்று புரிய வேண்டுமானால் சோடியத்தைப் பாருங்கள்: லிட்டருக்கு 140 மில்லிமோல். அதாவது 35 லட்சம் சோடியம் அயனிகளுக்கு நடுவே ஒரே ஒரு ஹைட்ரஜன் அயனி.

இவ்வளவு சின்ன கூட்டத்துக்கு ஏன் இத்தனை காவல்? ஹைட்ரஜன் அயனி எதிலும் சட்டென்று ஒட்டிக்கொள்ளும். புரதத்தில் ஒட்டினால் புரதத்தின் வடிவம் மாறும்; வடிவம் மாறினால் வேலை மாறும். இதயத் தசை, நரம்பு, நொதி எல்லாமே புரதத்தை நம்பித்தான் ஓடுகின்றன. பிஹெச் 7.4-லிருந்து 7.1-க்கு வந்தால் பார்வைக்குச் சின்ன இறக்கம்தான். ஆனால் ஹைட்ரஜன் அயனி இரட்டிப்பாகிவிட்டது. 6.8-க்குக் கீழே போனால் உயிர் தரிப்பது மிகக் கடினம்.

இப்படி அமிலப் பக்கம் சரிய வைக்கும் கோளாறுக்கு அசிடோசிஸ் என்று பெயர். எதிர்ப்பக்கம் சாய்த்தால் ஆல்கலோசிஸ். இரண்டுமே ஆபத்துதான். “காரமாக இருந்தால் நல்லது” என்பது பாதையின் ஒரு பக்கப் பள்ளத்தை மட்டும் பார்த்துப் பேசுவது.

அமிலம் எங்கிருந்து வருகிறது?

நாம் உயிரோடிருப்பதிலிருந்து வருகிறது. உணவை எரித்துச் சக்தி எடுக்கும்போது கரியமில வாயு உண்டாகிறது. அது நீரில் கரைந்தால் கார்பானிக் அமிலம். ஒரு நாளைக்குச் சுமார் 15,000 மில்லிமோல். எண்ணைப் பார்த்தால் பயமாக இருக்கும், ஆனால் இது பறந்துபோகும் அமிலம். மூச்சு விட்டால் போய்விடும்.

இரண்டாவது வகை பறக்காது. புரதத்தில் கந்தகம் இருக்கிறது. அதை உடல் உடைக்கும்போது கந்தக அமிலம் உண்டாகிறது. ஆமாம், பள்ளி ஆய்வுக்கூடத்தில் தொடக்கூடாது என்று சொன்னார்களே, அதேதான். பெரியவர் ஒருவருக்கு நாளொன்றுக்குச் சுமார் 50 முதல் 100 மில்லிமோல் வரை இந்த வகை அமிலம் சேரும். கணக்கு வசதிக்காக 70 என்று வைத்துக்கொள்வோம். 15,000-க்கு முன்னால் இது தூசு. ஆனால் இந்தத் தூசை வெளியேற்ற நுரையீரலால் ஆகாது. சிறுநீரகம்தான் செய்ய வேண்டும்.

சட்டைப்பைச் சில்லறை

கந்தக அமிலம் உண்டான அடுத்த கணமே சிறுநீரகத்துக்கு ஓட முடியாது. அதுவரை இரத்தம் அதைத் தாங்க வேண்டும். அப்படித் தாங்கும் பொருளுக்குத் தாங்கல் என்றே பெயர். முக்கியமான தாங்கல் பைகார்பனேட். நம் நண்பர் குடித்த சமையல் சோடாவில் இருப்பதும் இதுதான். இரத்தத்தில் லிட்டருக்கு 24 மில்லிமோல் அளவில் இருக்கிறது. ஹைட்ரஜன் அயனி வந்தால் அதைப் பிடித்து, தண்ணீராகவும் கரியமில வாயுவாகவும் மாறிவிடும். வாயு மூச்சில் போய்விடும்.

சட்டைப்பையில் இருக்கும் சில்லறை மாதிரி இது. சின்னச் செலவு வந்தால் வங்கிக்கு ஓட வேண்டியதில்லை, பைக்குள் கைவிட்டால் போதும். ஆனால் ஒவ்வொரு செலவுக்கும் ஒரு காசு குறைகிறது. செல்களுக்கு வெளியே உள்ள சுமார் 15 லிட்டர் நீரில் மொத்தம் 360 மில்லிமோல் பைகார்பனேட். தினம் 70 செலவு. உத்தேசமாக 5 நாளில் பை காலி. வேறு தாங்கல்களும் உண்டு, எலும்பும் கொஞ்சம் கைகொடுக்கும்; ஆனாலும் யாராவது பையை நிரப்பிக்கொண்டே இருக்க வேண்டும்.

1908-ல் ஹார்வர்டில் லாரன்ஸ் ஹெண்டர்சன் இந்தப் பையின் கணக்கை ஒரு சமன்பாடாக எழுதினார். சில ஆண்டுகள் கழித்து டென்மார்க்கின் கார்ல் ஹாசல்பால்க் அதைப் பிஹெச் வடிவத்துக்கு மாற்றினார். மருத்துவ மாணவர்கள் இரண்டு பெயரையும் சேர்த்து மனப்பாடம் செய்து, தேர்வு முடிந்ததும் மறந்துவிடுவார்கள். சூத்திரம் நமக்கு வேண்டாம், அது சொல்லும் செய்தி போதும்: பிஹெச் என்பது பைகார்பனேட் மட்டும் அல்ல, கரியமில வாயு மட்டும் அல்ல, இரண்டுக்கும் உள்ள விகிதம். இயல்பாக 20-க்கு 1. பைகார்பனேட் சிறுநீரகத்தின் கையில், வாயு நுரையீரலின் கையில்.

இதுவரை பார்த்தது: தினமும் அமிலம் உண்டாகிறது. பைகார்பனேட் அதைத் தற்காலிகமாகத் தாங்குகிறது. தாங்கும்போது தானும் செலவாகிறது. இரத்தத்தின் பிஹெச்சை விகிதம்தான் தீர்மானிக்கிறது.

நுரையீரல்: அவசரக்காரர்

இரத்தம் அமிலமானால் மூளைத்தண்டு அதை உணர்ந்து மூச்சை ஆழமாக்கும். வாயு வெளியேறும், விகிதம் ஓரளவு சீராகும். நிமிடங்களில் நடக்கும் காரியம். 1874-ல் ஜெர்மன் மருத்துவர் அடோல்ஃப் குஸ்மாவுல், நீரிழிவால் நினைவிழந்துகொண்டிருந்த நோயாளிகளிடம் ஆழமான, ஓயாத பெருமூச்சைக் கவனித்து எழுதினார். இன்றும் அந்த மூச்சுக்கு அவர் பெயர்தான். அந்த நோயாளிகளின் நுரையீரலில் கோளாறு இல்லை. கொழுப்பை உடைக்கும்போது உண்டாகும் கீட்டோ அமிலங்கள் இரத்தத்தில் குவிந்ததை ஈடுகட்டத்தான் அப்படி மூச்சு வாங்கியது.

ஆனால் நுரையீரல் விகிதத்தைத்தான் சரிக்கட்டும். செலவான காசைத் திருப்பித் தராது.

சிறுநீரகம்: முதல் வேலை, மீட்பது

சிறுநீரகம் வேலை செய்யும் விதம் முதலில் பைத்தியக்காரத்தனமாகத் தோன்றும். வேண்டாததை மட்டும் பொறுக்கி எறியாது. அலமாரியில் இருப்பதையெல்லாம் தரையில் கொட்டி, வேண்டியதை மறுபடி எடுத்து அடுக்கும். ஒரு நாளில் சுமார் 180 லிட்டர் நீர் இப்படி வடிகட்டியில் இறங்குகிறது. அதோடு 4,300 மில்லிமோலுக்கு மேல் பைகார்பனேட்டும் இறங்குகிறது. வடிந்த நீர் நுண்குழாய்கள் வழியே ஓடும்போது அதன் சுவர்ச் செல்கள் ஏறத்தாழ முழுவதையும் திரும்ப எடுத்துவிடுகின்றன. பெரும்பகுதி குழாயின் முதல் நீட்டத்திலேயே முடிந்துவிடும்.

இவ்வளவு உழைத்தும் இன்னும் லாபம் எதுவும் இல்லை. கீழே கொட்டியதைப் பொறுக்கியாயிற்று, அவ்வளவுதான். செலவான 70 காசு இன்னும் செலவுக் கணக்கில்தான் இருக்கிறது.

இரண்டாவது வேலை: 2,200 லிட்டர் புதிர்

இங்கேதான் எனக்கு இந்தத் துறையே சுவையாகத் தெரியும்.

70 மில்லிமோல் ஹைட்ரஜன் அயனியைச் சிறுநீரில் அப்படியே கரைத்து அனுப்பலாமே? முடியாது. சிறுநீரகம் எவ்வளவு முயன்றாலும் சிறுநீரின் பிஹெச்சைச் சுமார் 4.5-க்குக் கீழே இறக்க முடியாது. அந்த அளவில் ஒரு லிட்டர் சிறுநீரில் தனியாகத் திரியும் ஹைட்ரஜன் அயனி வெறும் 0.03 மில்லிமோல் சொச்சம். வகுத்துப் பாருங்கள். 70 மில்லிமோலை வெளியேற்ற ஒரு நாளைக்குச் சுமார் 2,200 லிட்டர் சிறுநீர் கழிக்க வேண்டும்!

நாம் ஒன்றரை லிட்டரில் முடித்துக்கொள்கிறோம். எப்படி?

ஹைட்ரஜன் அயனி நடந்து போவதில்லை, வண்டி ஏறிப் போகிறது. சிறுநீரில் உள்ள பாஸ்பேட் ஒரு வண்டி. ஹைட்ரஜனை ஏற்றிக்கொண்டு அமைதியாக வெளியே போய்விடும். வண்டியில் ஏறிய அயனி தெருவில் திரிவதாகக் கணக்கில் வராது, அதனால் பிஹெச்சும் தாங்கமுடியாத அளவுக்கு இறங்காது.

அந்த ஹைட்ரஜனை வண்டியில் ஏற்றுவது யார் என்பதில் 1940-கள் வரை தகராறு. வடிகட்டியிலேயே அமிலம் இறங்கிவிடுகிறது, குழாய் காரப்பகுதியை மட்டும் திரும்ப உறிஞ்சுகிறது என்று ஒரு கட்சி. குழாயின் செல்களே ஹைட்ரஜனைச் சுரந்து தள்ளுகின்றன என்று இன்னொரு கட்சி. ராபர்ட் பிட்ஸ் என்ற அமெரிக்க உடலியங்கியலாளர் இதைக் கணக்குப்பிள்ளை மாதிரி அணுகினார். நியூயார்க்கில் ஹோமர் ஸ்மித்தின் துறையில் சிறுநீரக ஆய்வு பழகியவர் அவர். நாய்களை அமிலநிலைக்குக் கொண்டுவந்து, பாஸ்பேட்டைத் தாராளமாக ஏற்றி, சிறுநீரில் வெளியேறும் அமிலத்தை அளந்தார். பிறகு வடிகட்டியில் இறங்கியிருக்கக்கூடிய அமிலம் அதிகபட்சம் எவ்வளவு என்று கணக்கிட்டார். வெளியே வந்தது உள்ளே இறங்கியதைவிட மிக அதிகம். இடையில் யாரோ சேர்த்திருக்க வேண்டும், அந்த யாரோ குழாயின் செல்கள்தான். ராபர்ட் அலெக்சாண்டரோடு சேர்ந்து 1945-ல் இதை வெளியிட்டார். செல்லுக்குள் எட்டிப்பார்க்கக் கருவி இல்லாமல், வரவு செலவை மட்டும் வைத்துத் தீர்த்த வழக்கு இது.

ஆனால் பாஸ்பேட் வண்டிகள் அளவானவை. உணவில் வந்ததும் எலும்பில் கரைந்ததும்தான் கிடைக்கும். அமிலம் திடீரென்று கூடினால் வண்டி போதாது. அப்போது சிறுநீரகம் செய்வதுதான் அழகு. தன் வண்டியைத் தானே செய்துகொள்கிறது. அந்த வண்டி அம்மோனியா.

அதற்கு மூலப்பொருள் குளுட்டமின் என்ற அமினோ அமிலம் என்று அமெரிக்க உயிர்வேதியியலாளர் டொனால்ட் வான் ஸ்லைக்கும் அவருடைய சகாக்களும் 1943-ல் காட்டினார்கள். குழாய்ச் செல்கள் குளுட்டமினை உடைக்கின்றன. ஒரு பக்கம் ஹைட்ரஜனைச் சுமந்த அம்மோனியா, அதாவது அம்மோனியம், சிறுநீரில் இறங்குகிறது. மறுபக்கம் புத்தம்புது பைகார்பனேட் இரத்தத்துக்குள் போகிறது. ஒரு அம்மோனியம் வெளியே, ஒரு காசு சட்டைப்பைக்குள். செலவான சில்லறை நிரம்புவது இப்படித்தான். பிட்ஸும் பின்னாளில் கார்னெல் மருத்துவக் கல்லூரியில் இருந்தபடி இந்த அம்மோனியாவின் பின்னாலேயே பல ஆண்டுகள் போனார். குறுகிய தலைப்பு என்று தோன்றலாம். உள்ளே போனால் ஒரு வாழ்நாள் பற்றாது.

சாதாரண நாளில் 30 அல்லது 40 மில்லிமோல் அம்மோனியம் போகும். அமிலச்சுமை நாள்கணக்கில் நீடித்தால் இது 200-க்கு மேலும் ஏறும். ஆனால் இந்த அம்மோனியா ஆலை முழு வேகத்துக்கு வர 3 முதல் 5 நாள் பிடிக்கும். நுரையீரல் நிமிடக்காரர் என்றால் சிறுநீரகம் நாள்கணக்குக்காரர்.

சுருக்கமாக: சிறுநீரகம் வடிந்த பைகார்பனேட்டை மீட்கிறது. ஹைட்ரஜனைச் சுரந்து, பாஸ்பேட், அம்மோனியா ஆகிய வண்டிகளில் ஏற்றி அனுப்புகிறது. அப்படி அனுப்பும்போதே புது பைகார்பனேட்டும் செய்துகொள்கிறது.

கோபன்ஹேகன், 1952: ஒரு எண்ணை மட்டும் பார்த்ததன் விலை

விகிதம் என்றேன் அல்லவா? அதை மறந்தால் என்ன ஆகும் என்பதற்கு இந்த நிகழ்ச்சியைவிடக் கூர்மையான பாடம் எனக்குத் தெரியாது.

1952 கோடையில் கோபன்ஹேகனில் கடுமையான போலியோ பரவியது. பிளெக்டாம் மருத்துவமனையில் மூச்சுத்தசை செயலிழந்தவர்கள் வந்து குவிந்தார்கள். முதல் மூன்று வாரத்தில் மூச்சுக்கருவியில் வைத்த 31 பேரில் 27 பேர் இறந்தார்கள். இரத்தப் பரிசோதனையில் மொத்தக் கரியமில வாயு என்ற அளவு மிக உயரமாக இருந்தது. இந்த அளவில் பெரும்பங்கு பைகார்பனேட். ஆகவே காரம் கூடிவிட்டது, ஏதோ புரியாத ஆல்கலோசிஸ் என்று மருத்துவர்கள் நினைத்தார்கள்.

மயக்க மருந்து நிபுணர் பியோர்ன் இப்சன் அதே எண்ணை வேறு விதமாகப் படித்தார். இவர்களால் வாயுவை வெளியேற்ற முடியவில்லை. வாயு தேங்கியதால்தான் எண் ஏறியிருக்கிறது. இது அசிடோசிஸ், இவர்கள் மூச்சுத் திணறிச் சாகிறார்கள் என்றார். ஆகஸ்ட் 27 அன்று, மூச்சுக்குழாயில் துளையிட்ட 12 வயதுச் சிறுமிக்கு ரப்பர்ப் பையைக் கையால் அழுத்தி மூச்சுக் கொடுத்துக் காட்டினார். தேங்கிய வாயு இறங்கியது, சிறுமி தேறினாள். ஆய்வகத்தில் பௌல் ஆஸ்ட்ரப் இத்தகைய நோயாளிகளின் பிஹெச்சை நேரடியாக அளந்தார். தாழ்ந்துதான் இருந்தது. பிறகு சுமார் 1,500 மாணவர்கள் முறைவைத்து, இரவு பகலாகப் பை அழுத்தினார்கள். இறப்பு வெகுவாகக் குறைந்தது. தீவிர சிகிச்சைப் பிரிவு என்ற ஏற்பாட்டின் பிறப்பே இங்கேதான் என்று பலர் சொல்வார்கள்.

வாயு தேங்கும்போது பைகார்பனேட்டும் ஏறும். நாள்கள் போகப்போக, விகிதத்தைக் காப்பாற்றச் சிறுநீரகமும் அதைக் கூடுதலாகச் சேர்த்து வைக்கும். ஆகவே பைகார்பனேட் உயர்ந்திருந்தால் காரம் கூடியது என்றும் இருக்கலாம், மூச்சு தோற்றது என்றும் இருக்கலாம். அதனால்தான் இன்று தமனி இரத்தப் பரிசோதனையில் பிஹெச், வாயுவின் அழுத்தம், பைகார்பனேட் மூன்றையும் சேர்த்தே பார்க்கிறார்கள்.

சரி, எலுமிச்சையும் காரநீரும்?

எலுமிச்சைச் சாறும், பிஹெச் கூடிய “காரநீரும்” உடம்பின் அமிலத்தைப் போக்கும் என்று சொல்வார்கள். எலுமிச்சை நாக்குக்குப் புளிக்கும். ஆனால் அதிலுள்ள சிட்ரேட் உப்பை உடல் எரிக்கும்போது பைகார்பனேட்தான் மிஞ்சுகிறது. வாயில் அமிலம், உள்ளே போனால் காரம். அதற்காக இரத்தத்தின் பிஹெச் அசையாது. மிஞ்சியதைச் சிறுநீரகம் வெளியே விட்டுவிடும். தாது உப்பு அதிகம் இல்லாத, பிஹெச் 9 உள்ள நீரில் இருக்கும் காரம் லிட்டருக்கு 0.01 மில்லிமோல். தினசரி 70-க்கு முன்னால் அது எம்மாத்திரம்? இரைப்பையிலேயே கதை முடிந்துவிடும்.

சமையல் சோடா அப்படி அல்ல. அது நிஜமான பைகார்பனேட். சிறுநீரகம் தளர்ந்தவர்களுக்கு மருத்துவர்களே அதை மாத்திரையாகத் தருவதுண்டு. ஆனால் கூடவே சோடியமும் உள்ளே போகிறது. இரத்த அழுத்தமோ இதயக் கோளாறோ உள்ளவர் தானாகக் கரண்டி கரண்டியாகக் கலக்கிக் குடிப்பது விளையாட்டல்ல. நண்பரிடம் இதைச் சொன்னேன். “இயற்கைதானே?” என்றார்.

பட்டையால் ஏன் முடியாது

நாள்பட்ட சிறுநீரக நோயில் வேலை செய்யும் நுண்குழாய்கள் குறைகின்றன. அம்மோனியா ஆலை சுருங்குகிறது. தினமும் கொஞ்சம் கொஞ்சமாக அமிலம் உள்ளேயே தங்குகிறது. எலும்பு அதைத் தாங்கித் தன் கால்சியத்தை இழக்கிறது, தசையும் கரைகிறது. ஆனால் மிஞ்சிய குழாய்கள் சிறுநீரின் பிஹெச்சை 5 சொச்சத்துக்கு இறக்கிக்காட்ட முடியும். பட்டையை நனைத்தால் மஞ்சள், அமிலம் நன்றாக வெளியேறுகிறது என்று தோன்றும். நிஜத்தில் வண்டி இல்லை. நடந்துபோகும் சிலர் மட்டும் தெரிகிறார்கள்.

எதிர்க் காட்சியும் உண்டு. நாள்கணக்கில் வயிற்றுப்போக்கால் பைகார்பனேட்டை இழந்தவரின் நல்ல சிறுநீரகம் அம்மோனியத்தைக் கொட்டித் தள்ளும். அவருடைய சிறுநீரின் பிஹெச் 6-ஐக்கூடத் தாண்டலாம். பட்டையைப் பார்த்தால் சிறுநீரகம் சும்மா இருப்பது போலத் தோன்றும். உள்ளே வண்டி வண்டியாக அமிலம் போய்க்கொண்டிருக்கிறது.

பட்டைக்குத் தெரிவது வண்டி கிடைக்காமல் தெருவில் நடப்பவர்கள் மட்டும். மருத்துவர் சிறுநீரகத்தின் நிலையை அறிய இரத்தத்தின் பைகார்பனேட்டைக் கேட்பது அதனால்தான். அது 22-க்குக் கீழே இறங்கியே நின்றால் யோசிக்க ஆரம்பிப்பார். நண்பர் பட்டைப் பெட்டியை இன்னும் தூக்கிப்போடவில்லை. பாதி மீதி இருக்கிறதாம்.